யூத ஆரம்பப் பள்ளியில் என்னதான் படிப்பிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு வருஷமாக வடமேற்கு லண்டனில் ஒரு யூத ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். கல்யாண வீட்டில், கோயில் அன்னதான வரிசையில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் தொலைபேசியில் என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான். பதிலில் பாதி சொல்லுமுன் சாப்பாடு வந்துவிடும், அல்லது மணி அடித்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே போட்டிருக்கிறேன், யாரும் கோபிக்கக்கூடாது. பள்ளியின் பெயர் வேண்டாம். இங்கே சொல்வதில் பெரும்பகுதி இங்கிலாந்தில் அரசு உதவி பெறும் யூதப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

"முழுநாளும் பைபிள்தானே படிப்பிப்பார்கள்? கணக்கு, இங்கிலிஷ் எல்லாம் உண்டா?"

உண்டு. நாளின் பெரும்பகுதி அதுதான். பிள்ளைகள் 4 வயதில் ரிசெப்ஷன் வகுப்புக்கு வந்து 11 வயதில் ஆறாம் வகுப்பு முடித்துப் போவார்கள். இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் உள்ள ஆங்கிலம், கணக்கு, விஞ்ஞானம், வரலாறு, புவியியல், கணினி, விளையாட்டு எல்லாமே நடக்கும். ஒன்றாம் வகுப்பில் எழுத்தொலிச் சோதனை, நாலாம் வகுப்பில் வாய்ப்பாட்டுச் சோதனை, ஆறாம் வகுப்பில் சாட்ஸ் என்ற தேசியத் தேர்வு. பக்கத்துத் தெருப் பள்ளிப் பிள்ளைக்கு என்னவோ அதுதான் இங்கேயும்.

மிச்ச நேரம் யூதக் கல்வி. எங்கள் பள்ளியில் அது ஏறத்தாழக் கால்வாசி. பள்ளிக்குப் பள்ளி இது மாறும். சமயப் பாடத்துக்குக் கோடெஷ் என்று பெயர், பொதுப்பாடத்துக்கு ஹோல். கோடெஷ் என்றால் புனிதம், ஹோல் என்றால் சாதாரணம். "இப்ப கோடெஷா, ஹோலா?" என்று பிள்ளைகள் கேட்பது "இப்ப தமிழா, கணக்கா?" என்று நாங்கள் கேட்ட மாதிரித்தான்.

"தனியார் பள்ளியா? எவ்வளவு காசு?"

தனியாரும் இருக்கிறது. ஆனால் நான் சொல்வது அரசு உதவி பெறும் சமயப் பள்ளி. இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன், கத்தோலிக்கப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருப்பது போல யூத, முஸ்லிம், இந்து, சீக்கியப் பள்ளிகளும் உண்டு. ஆசிரியர் சம்பளம், அன்றாடச் செலவு அரசுடையது. கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பள்ளி நிர்வாகம் போட வேண்டும். கோடெஷ் பாடத்துக்கும் காவலுக்கும் பெற்றோரிடம் தவணைக்கு ஒருமுறை நன்கொடை கேட்பார்கள். கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை அதே வாங்கில்தான் இருக்கும்.

"யூதப் பள்ளி எல்லாம் ஒரே மாதிரித்தானே?"

சைவப் பள்ளிக்கூடமும் கிறிஸ்தவ மிஷன் பள்ளியும் ஒன்றா என்று கேட்பது போல இருக்கிறது. லண்டனில் பெரும்பாலான யூதப் பள்ளிகள் வைதிக, அதாவது ஓர்த்தடொக்ஸ், மரபைச் சேர்ந்தவை. ஆனால் வீட்டில் அவ்வளவு கண்டிப்பாக இல்லாத குடும்பங்களின் பிள்ளைகளும் நிறைய அங்கே படிக்கிறார்கள். ஃபின்ச்லியில் உள்ள அக்கிவா போன்றவை முற்போக்கு மரபைச் சேர்ந்தவை. அந்த வகைப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளும் தொழுகை நடத்துவார்கள்.

இன்னொரு பக்கம் ஸ்டாம்ஃபோர்ட் ஹில் போன்ற இடங்களில் ஹரேதி யூதர்கள், அதாவது கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டவர்கள். அவர்களின் பள்ளிகள் பெரும்பாலும் தனியார். அவர்களில் ஒரு பிரிவான ஹசிதியரின் பையன்கள் பலர், ஐரோப்பிய யூதரின் பழைய பேச்சுமொழியான இத்திஷிலேயே படிப்பார்கள், பொதுப்பாடம் குறைவு. கல்வி அதிகாரிகளுக்கும் அவர்களுக்கும் பல வருஷமாக இழுபறி. அந்த உலகம் எனக்கு வெளியிலிருந்து பார்த்துத்தான் தெரியும், ஆகவே இதோடு நிறுத்துகிறேன்.

"ஹீப்ரு எழுத்தை எப்படித் தொடக்குவார்கள்? எங்கள் ஏடு தொடக்கல் மாதிரி ஏதாவது உண்டா?"

உண்டு, கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நாம் விஜயதசமியில் பிள்ளையை மடியில் இருத்தி அரிசியில் அ, ஆ எழுதுவிப்போம். ஐரோப்பிய யூதர்களிடம் இடைக்காலத்திலிருந்து ஒரு வழக்கம்: எழுத்துகளின்மேல் தேனைத் தடவிப் பிள்ளையை நக்கவைப்பார்கள். படிப்பு இனிக்க வேண்டுமாம். இப்போதும் சில ரிசெப்ஷன் வகுப்புகளில் பிளாஸ்டிக் அட்டையில் எழுத்தை அச்சடித்து ஒரு சொட்டுத் தேன் விடுகிறார்கள். அன்றைக்கு மேசை துடைப்பது என் வேலை.

எழுத்து 22. எல்லாம் மெய்யெழுத்து. சொல்லின் கடைசியில் வந்தால் வடிவம் மாறும் எழுத்து ஐந்து. வலமிருந்து இடமாக எழுத வேண்டும், புத்தகமும் நமக்குப் பின்னட்டையாகத் தெரியும் பக்கத்திலிருந்துதான் தொடங்கும். முதல் மாதம் பயிற்சித்தாளை எல்லாம் நான் கொப்பியில் தலைகீழாக ஒட்டி வைத்தேன். உயிர் ஒலிக்கு எழுத்தின் கீழோ மேலோ புள்ளியும் கோடும் போடுவார்கள். நமக்குப் புள்ளி வைத்தால் மெய்யிலிருந்து உயிர் போகும். அவர்களுக்குப் புள்ளி வைத்தால் உயிர் வரும். சின்ன வகுப்புப் புத்தகங்களில் புள்ளி இருக்கும். பெரியவர்களின் செய்தித்தாளில் இருக்காது, சொல்லைப் பார்த்ததும் ஊகித்து வாசிக்க வேண்டும். அச்செழுத்து வேறு, கையெழுத்து வேறு என்பதால் பெரிய வகுப்பில் இரண்டாவது வடிவம் ஒன்றையும் பழக வேண்டும்.

எழுத்துக்கு எண் மதிப்பும் உண்டு: முதல் எழுத்து 1, பத்தாவது எழுத்து 10, பிறகு 20, 30 என்று போகும். நம் பழைய தமிழ் எண்களும் எழுத்துப் போலத்தானே இருக்கும், அதனால் எனக்கு இது உடனே பிடித்துக்கொண்டது. 15 எழுத மட்டும் 10-உம் 5-உம் சேர்க்க மாட்டார்கள். அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தால் கடவுளின் பெயரில் ஒரு பகுதி வந்துவிடும். 9-உம் 6-உம் சேர்த்து எழுதுவார்கள். கணக்குப் பாடத்தில் மட்டும் வழக்கமான எண்கள்தான், இடமிருந்து வலம்.

"அப்போ ஆறாம் வகுப்பு முடிக்கும்போது பிள்ளை ஹீப்ரு பேசுமா?"

உண்மையைச் சொல்கிறேன்: பெரும்பாலும் பேசாது. வாசிக்கும், பாடும், தொழுகையை வேகமாகச் சொல்லும். வீட்டில் ஹீப்ரு பேசும் பிள்ளை மட்டும் பேசும். படிப்பிப்பதே இரண்டு ஹீப்ரு. ஒன்று யூத மறைநூலான தோராவிலும் தொழுகையிலும் உள்ள பழைய மொழி. மற்றது இவ்ரித் என்ற இன்றைய பேச்சுமொழி. இங்கிலாந்தில் 2014 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பிறமொழி கட்டாயம். பல யூதப் பள்ளிகள் அந்த இடத்தில் இவ்ரித்தை வைத்துக்கொள்கின்றன.

நம் பிள்ளைகள் சனிக்கிழமையில் தேவாரத்தைப் பிழையில்லாமல் பாடிவிட்டு, வெளியே வந்து "மம், ஐ'ம் ஹங்ரி" என்கிறார்களே, அதே நிலைதான். வித்தியாசம் என்னவென்றால் அவர்களுக்கு வாரத்தில் ஐந்து நாள். நமக்குச் சனிக்கிழமை காலையில் இரண்டு மூன்று மணி நேரம், அதுவும் நீச்சல் வகுப்பு இல்லாவிட்டால்.

"இந்தப் பள்ளிகள் எப்போதிருந்து இருக்கின்றன?"

லண்டனில் பெயர்பெற்றது ஜெ.எஃப்.எஸ்., அதாவது யூதர் இலவசப் பள்ளி. 1732-இல் ஒரு தொழுகைக்கூடத்துப் பாடசாலையாகத் தொடங்கியது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியின் பெல் லேனில் இருந்தபோது, 1900-ஐ ஒட்டிய காலத்தில், 4,000 பிள்ளைகளுக்கு மேல் படித்தார்கள். உலகிலேயே பெரிய பள்ளி என்றுகூடச் சொன்னார்கள். இப்போது கென்டனில், நம் ஆட்கள் நிறைய இருக்கும் பகுதியில், மேல்நிலைப் பள்ளியாக இருக்கிறது.

ரஷ்யப் பேரரசிலிருந்து ஓடிவந்த ஏழைகளின் பிள்ளைகளை ஆங்கிலேயராக ஆக்குவதுதான் அன்றைக்கு அந்தப் பள்ளியின் முக்கியமான வேலை. இத்திஷ் பேசாதே, ஆங்கிலம் பேசு என்றார்கள். மூன்று நாலு தலைமுறையில் வேலை முடிந்துவிட்டது. இன்றைக்கு அவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகளுக்கு யூதப் பள்ளிகள் காசு சேர்த்து ஹீப்ரு படிப்பிக்கின்றன. நான் இதை நம்மவர்களிடம் சொன்னால் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

"காலையில் கும்பிடுவார்களா? எவ்வளவு நேரம்?"

சின்ன வகுப்பில் பத்து, பதினைந்து நிமிடம் பாட்டாக. காலையில் கண் விழித்ததும் உயிரைத் திருப்பித் தந்ததற்கு நன்றி சொல்லும் ஒரு வரியோடு தொடங்கும். ஆண் பிள்ளை 'மோதே அனி' என்றும் பெண் பிள்ளை 'மோதா அனி' என்றும் சொல்லும். பிறகு ஷெமா. கடவுள் ஒருவரே என்று சொல்லும் அந்த வரிக்கு வலது கையால் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். ரிசெப்ஷனில் விரல் இடுக்கால் பார்க்காத பிள்ளையே கிடையாது.

எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்ததும், ஒன்றாம் அல்லது இரண்டாம் வகுப்பில், ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிடூர், அதாவது தொழுகைப் புத்தகம், கொடுப்பார்கள். தாத்தா பாட்டி வரை வந்திருந்து அழுவார்கள். அந்தப் புத்தகம் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட வேண்டும். புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. கடவுளின் பெயர் உள்ள தாளைக் குப்பையில் போடக்கூடாது. ஒரு பெட்டியில் சேர்த்து வைத்து, பிறகு மண்ணில் புதைப்பார்கள். பேச்சில் கடவுளை 'ஹஷேம்' என்பார்கள். பொருள் 'அந்தப் பெயர்', அவ்வளவுதான்.

"சாப்பிடமுன் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வேறு வேறு மந்திரமாமே?"

மந்திரம் இல்லை, நன்றி. பாண் சாப்பிட்டால் முதலில் இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் மாறி மாறிக் கையில் நீர் ஊற்ற வேண்டும். பிறகு பாணுக்கான வரி. கேக், பிஸ்கட்டுக்கு வேறு. திராட்சைச் சாற்றுக்கு வேறு. மரத்தில் காய்த்ததற்கு ஒன்று, நிலத்தில் விளைந்ததற்கு ஒன்று, இதில் எதிலும் அடங்காத தண்ணீர், முட்டை, மீனுக்கு ஒன்று.

இதில் எனக்குப் பிடித்தது வாழைப்பழம். மரக்கனி வரியைச் சொல்லிய ஒரு பையனை மோரா திருத்தினார். மோரா என்றால் ரீச்சர். வாழை மரமல்ல, ஒருமுறை குலை ஈன்றதும் அந்தத் தண்டு செத்துவிடும், ஆகவே நிலத்தின் விளைச்சலுக்கான வரிதான் சொல்ல வேண்டும் என்றார். வளவில் வாழை வைத்து வளர்ந்தவள் நான். தாய் வாழை போய்ப் பக்கக்குட்டி வருவதைப் பார்த்தவள். வாழ்நாள் முழுக்க 'வாழை மரம்' என்றே சொல்லியிருக்கிறேன். அன்னாசியும் இதே கணக்குத்தான். தாவரவியலை ஒரு பழத் துண்டில் வைத்துப் படிப்பிக்கும் முறை இது என்று இப்போது நினைக்கிறேன். பாண் சாப்பிட்ட நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு நீளமான நன்றிப் பாட்டு உண்டு. இடையிடையே மேசையில் தட்டுவார்கள். தட்டல் எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் பிரச்சினை.

"தோரா சின்னப் பிள்ளைகளுக்கு விளங்குமா?"

தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்தும் அவைதான். வருஷம் முழுவதும் வாசித்து முடிக்க 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வெள்ளியும் அந்த வாரப் பகுதியைக் கதையாகச் சொல்லி, ஒரு தாளில் கேள்வி எழுதி வீட்டுக்கு அனுப்புவார்கள். நோவாவின் வாரத்தில் மிருகப் பொம்மை, யோசேப்பின் வாரத்தில் வண்ணச் சட்டை. பலியும் தொழுநோயும் வரும் வாரங்களில் மோராவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் வகுப்பில் ஹீப்ரு மூலத்தையே வரிவரியாகப் பிரித்துப் பொருள் சொல்லத் தொடங்குவார்கள். பெரிய வகுப்பில் ராஷியின் உரையிலிருந்து கொஞ்சம். அவர் 1105-இல் இறந்த பிரெஞ்சு யூத உரையாசிரியர். மூலத்தில் ஒரு சொல் கூடுதலாக நின்றாலும் ஏன் நிற்கிறது என்று கேட்பவர். பரிமேலழகரை வைத்துக் குறள் படித்தவர்களுக்கு இந்த ருசி தெரியும்.

"சமயப் பாடத்தில் பிள்ளை எதிர்க்கேள்வி கேட்டால் ரீச்சர் ஏச மாட்டாரா?"

கேட்காவிட்டால்தான் கவலைப்படுவார். பெசாக் பண்டிகை, அதாவது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியதை நினைக்கும் இரவு, வீட்டின் கடைசிப் பிள்ளை "இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப் போல இல்லை?" என்று கேட்டால்தான் நகரும். நான்கு கேள்வி. அதை மெட்டோடு பாடப் பள்ளியில் வாரக்கணக்காகப் பழக்குவார்கள், பள்ளியிலேயே ஒரு ஒத்திகை விருந்தும் வைப்பார்கள்.

வகுப்பிலும் இரண்டிரண்டு பேராக இருத்தி வரியைப் பற்றி வாதாட விடுவார்கள். சத்தம் காதைப் பிளக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று "ஆபிரகாம் கடவுளோடேயே பேரம் பேசினாரே, நான் வீட்டுப்பாடத்துக்குப் பேசக்கூடாதா?" என்று கேட்டது. மோரா அரைப்பக்கம் குறைத்துக் கொடுத்தார். சைவசமய பாடத்தில் "இது ஏன்?" என்று கேட்டு வெயிலில் நின்ற எனக்குப் பொறாமையாக இருந்தது.

"வருஷத்தில் பாதி நாள் லீவாமே?"

அப்படித் தோன்றுவது செப்டம்பர், ஒக்டோபரில் மட்டும். புத்தாண்டான ரோஷ் ஹஷானா, உபவாச நாளான யோம் கிப்பூர், குடில் பண்டிகையான சுக்கோத் எல்லாம் சில வாரத்துக்குள் வந்துவிடும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் லீவைக் குறைத்தோ நாளை நீட்டியோ ஈடு கட்டுவார்கள். 2025 செப்டம்பரில் பிறந்தது 5786-ஆம் ஆண்டு. மாதம் அமாவாசைக்குப் பிறகு பிறக்கும், நாள் சூரியன் மறையும்போது தொடங்கும். சந்திரக் கணக்கு வருஷத்துக்குப் பதினொரு நாள் குறைவதால் 19 வருஷத்தில் ஏழு முறை ஒரு மாதம் கூட்டுவார்கள். பஞ்சாங்கத்தில் அதிக மாதம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

வெள்ளிக்கிழமை மாலை ஷப்பாத் என்ற வார ஓய்வுநாள் தொடங்கும். டிசம்பர் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், ஆகவே குளிர்காலத்தில் வெள்ளி மதியமே பள்ளி விட்டுவிடும். அதற்கு முன் வகுப்பில் சின்ன ஷப்பாத் கொண்டாட்டம். பின்னல் போட்ட ஹல்லாப் பாண், திராட்சைச் சாறு, அந்த வாரத்து 'அம்மா'வும் 'அப்பா'வுமாக இரண்டு பிள்ளைகள். பாணுக்கு மாவைப் பின்னும்போது என்னிடம் வருவார்கள். தலை பின்னிப் பழகிய கை.

பண்டிகைகளில் எனக்குப் பிடித்தது சுக்கோத். விளையாட்டுத் திடலில் இலை தழை வேய்ந்த பந்தல் போட்டு அதற்குள் இருந்து சாப்பிடுவார்கள், மழை வந்தால் சூப்பில் மழை. கையில் பேரீச்சையின் விரியாத குருத்தோலை. பூரிம் நாளில் எல்லோரும் வேஷம் போட்டு எஸ்தர் அரசியின் கதையை வாசிப்பார்கள். கெட்டவனான ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பை. அந்தக் கதையின் முதல் வரியிலேயே அரசன் 'ஹோது முதல் கூஷ் வரை' 127 மாகாணங்களை ஆண்டான் என்று வரும். ஹோது என்றால் இந்தியா. இன்றைய ஹீப்ருவில் வான்கோழிக்கும் அதே பெயர்தான்.

"மதியத்துக்கு என்ன கட்டிக்கொடுக்கலாம்? தயிர்ச்சோறு ஆகுமா?"

பள்ளியைக் கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும். பன்றி, இறால், நண்டு கூடாது. மற்ற இறைச்சியும் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும். இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக்கூடாது. பாத்திரமே வேறு வேறு. அதனால் பல பள்ளிகள் வீட்டுச் சாப்பாட்டில் இறைச்சியை முழுதாக விலக்கிவிடும். அப்படிப்பட்ட பள்ளியில் தயிர்ச்சோறு கொள்கையளவில் சரி, ஆனால் தயிர் எந்தக் கடைத் தயிர் என்று கேட்பார்கள். பால் பொருள், பிஸ்கட், கேக் எல்லாவற்றுக்கும் அனுமதிப் பட்டியல் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு வாளி முறுக்குக் கொண்டுபோனேன். மரக்கறிச் சாப்பாடுதானே என்று நினைத்தேன். என் அடுப்பும் தாச்சியும் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படியானவை, இல்லையே. மோரா என்னைத் தனியே கூப்பிட்டு, மிகவும் கூச்சப்பட்டுக்கொண்டே விளக்கினார். முறுக்கைக் கார்ப் பார்க்கில் நின்று நானும் விளையாட்டு ஆசிரியரும் தின்று முடித்தோம். அப்புறம் வந்த தீபாவளிகளுக்கு எல்லாம் முழு மாம்பழம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

"பையன்களின் தலையில் இருக்கும் அந்த வட்டத் துணி? சட்டைக்கு வெளியே தொங்கும் நூல்?"

தலையில் இருப்பது கிப்பா, மேலே ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்புக்கு. நூல் சிசித், கட்டளைகளை நினைவூட்டுவதற்கு. மொத்தக் கட்டளை 613 என்பது மரபுக் கணக்கு. பெண் பிள்ளைகளுக்கு வைதிகப் பள்ளிகளில் இவை இல்லை. காற்றடிக்கும் நாளில் கிப்பா பொறுக்குவதே ஒரு விளையாட்டுப் பாடம்.

"உண்டியலில் காசு போடச் சொல்கிறார்களாம், பள்ளிக்கா?"

பள்ளிக்கு இல்லை. அது செதாக்கா, வெள்ளிதோறும் ஒரு சில்லறை. நாம் 'தருமம்' என்கிறோம். அவர்களின் சொல்லுக்கு வேர் 'நீதி'. இல்லாதவருக்குக் கொடுப்பது இரக்கமல்ல, கடன் என்று படிப்பிப்பார்கள். சேர்ந்த காசை எங்கே அனுப்புவது என்று வகுப்பே வாக்குப் போட்டு முடிவு செய்யும். ஒரு வருஷம் கழுதைகள் காப்பகம் வென்றது.

"ஆறு நாளில் உலகம் படைத்தது என்றால், பரிணாமம்?"

2014-இலிருந்து ஆறாம் வகுப்பு விஞ்ஞானத்தில் பரிணாமம் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி அதைப் படிப்பித்தே ஆக வேண்டும். எங்கள் பள்ளியில் காலையில் டார்வினும் மதியம் படைப்புக் கதையும் நடந்த நாள் உண்டு. "நாள் என்றால் 24 மணி நேரம்தானா? சூரியனே நாலாம் நாள்தானே வருகிறது?" என்று மோராவே கேட்டுவிட்டு விட்டுவிடுவார். மேலே எதிர்க்கேள்வி பற்றிச் சொன்னது இங்கேயும் கைகொடுக்கிறது. கண்டிப்பான ஹரேதிப் பள்ளிகளில் இது இவ்வளவு லேசாக நடக்காது.

"வாசலில் ஏன் காவல்? உள்ளே பிள்ளைகளுக்குப் பயம் இல்லையா?"

உயரமான வேலி, இரட்டைக் கதவு, காவலர், முறைபோட்டு நிற்கும் பெற்றோர். 1994-இலிருந்து சமூகப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற யூத அமைப்பு இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது, காவலர் சம்பளத்துக்கு அரசும் பணம் தருகிறது. காரணம் எளிது: ஐரோப்பாவில் யூதப் பள்ளிகள் தாக்கப்பட்டிருக்கின்றன. 2012-இல் பிரான்சின் துலூஸில் ஒரு யூதப் பள்ளி வாசலில் மூன்று பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பிள்ளைகள் பழகிவிட்டார்கள். தீ ஒத்திகை மாதிரியே ஒளிந்திருக்கும் ஒத்திகையும் நடக்கும். மேசைக்குக் கீழே குந்தியிருக்கும்போது எனக்குத்தான் நெஞ்சு அடிக்கும். ஹெலி சத்தம் கேட்டால் பங்கருக்கு ஓடிய பிள்ளை நான். பக்கத்தில் குந்தியிருந்த பிள்ளைக்கு அது தெரியாது, அவளுக்கு அது சிரிப்பை அடக்கும் போட்டி.

"ஹிட்லர் செய்ததை இந்த வயதில் சொல்வார்களா?"

சின்ன வகுப்பில் இல்லை; நினைவு நாளில் ஒரு மெழுகுவர்த்தி, கொஞ்ச நேர மௌனம். ஆறாம் வகுப்பில், பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதிவிட்டுத் தொடங்குவார்கள். முகாம்களிலிருந்து தொடங்க மாட்டார்கள். 1938 டிசம்பரிலிருந்து 1939 செப்டம்பரில் போர் வெடிக்கும் வரை ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் ரயிலிலும் கப்பலிலும் பிரிட்டனுக்கு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளிலிருந்து தொடங்குவார்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் அவர்களுக்குச் சிலை இருக்கிறது, வகுப்பைக் கூட்டிப்போவோம். "ஒரு பெட்டிதான் என்றால் நீ எதை எடுப்பாய்?" என்று எழுதச் சொல்வார்கள். என்னைக் கேட்டபோது ஓய்வறைக்குப் போய்விட்டேன். நாங்கள் 1995-இல் இடம்பெயர்ந்தபோது எடுத்தது அடையாள அட்டைகளும் ஒரு அரிசிப் பையும்.

"சரி, இஸ்ரேல் பற்றி என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? நேராகச் சொல்லுங்கள்."

நேராகவே சொல்கிறேன். லண்டனின் பெரும்பாலான யூதப் பள்ளிகளில் இஸ்ரேல் பாடத்தில் இருக்கிறது: வரைபடம், பாட்டு, சுதந்திர நாளில் நீலமும் வெள்ளையும். ஹரேதிப் பள்ளிகள் பலவற்றில் அந்த நாளையே கொண்டாட மாட்டார்கள். ஹசிதியரில் சில பிரிவுகள் அந்த அரசையே ஏற்பதில்லை. எல்லோரும் ஒன்று என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கட்சி அரசியலைப் பிள்ளைக்கு ஊட்டக்கூடாது, பிணக்குள்ள விஷயத்தில் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டம் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குச் சொல்கிறது.

நடப்பில், ஆரம்பப் பள்ளியில் அந்த நாட்டின்மேல் பாசம் வருகிறது; பலஸ்தீனர் என்ற சொல் அரிதாகத்தான் வருகிறது. 2023 ஒக்டோபர் 7 தாக்குதலுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அங்கே இருக்கும் உறவினர் பற்றிப் பயம். அக்டோபர் 13 அன்று வடலண்டனில் சில யூதப் பள்ளிகள் பாதுகாப்புக் கருதி மூடியே இருந்தன. பிறகு காசாவின் பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்தும் கேட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு இன்னும் நிறையச் சொல்லலாம், அவர்களால் தாங்க முடியும் என்பது என் எண்ணம். ஆனால் விரல் நீட்டுமுன் ஒன்று. நம் சனிக்கிழமைப் பள்ளியிலும் பிள்ளைகள் வடக்குக் கிழக்கு வரைபடத்துக்கு நிறம் தீட்டுகிறார்கள். 1990-இல் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களைப் பற்றி அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

"எங்கள் பிள்ளையைச் சேர்ப்பார்களா?"

இடம் மிஞ்சினால் சேர்த்தே ஆக வேண்டும். விண்ணப்பம் அதிகமானால் மட்டும் யூதப் பிள்ளைக்கு முன்னுரிமை. லண்டனில் கேட்கப்படும் பள்ளிகளில் கஷ்டம். பர்மிங்காமின் கிங் டேவிட் ஆரம்பப் பள்ளியில் பல வருஷமாகவே பாதியோ அதற்கு மேலோ முஸ்லிம் பிள்ளைகள். ஸ்கொட்லாந்தின் ஒரே யூத ஆரம்பப் பள்ளியான கால்டர்வுட் லாட்ஜ் 2017-இலிருந்து ஒரு கத்தோலிக்கப் பள்ளியோடு ஒரே வளாகத்தில் இருக்கிறது.

யார் யூதர் என்பதே ஒருமுறை வழக்காகிவிட்டது. மேலே சொன்ன ஜெ.எஃப்.எஸ். ஒரு பையனைச் சேர்க்க மறுத்தது. அவன் தாய் மதம் மாறியது வைதிக முறையில் இல்லை என்பது காரணம். தாய்வழி பார்ப்பது இனப் பாகுபாடு என்று 2009 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலாகத் தீர்ப்பளித்தது. அதிலிருந்து பிறப்பைப் பார்க்காமல் கடைப்பிடிப்பைப் பார்க்கிறார்கள். தொழுகைக்கூடத்துக்கு இத்தனை தடவை போனதற்குச் சான்று என்று படிவம். இடம் கிடைக்கும் வரை பக்தி கூடும் வீடுகள் உண்டு. கத்தோலிக்கப் பள்ளிக்காக ஞாயிறு பூசைக்குப் போகும் நம் சைவக் குடும்பங்களுக்கு இது விளங்கும்.

"சேர்த்தால் மதம் மாற்றிவிட மாட்டார்களா?"

மாட்டார்கள். மாற விரும்பி வருபவரையே யோசித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பும் மரபு அது. சமயப் பாடத்திலிருந்தும் தொழுகையிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்குச் சட்ட உரிமையும் உண்டு. ஆனால் முதல் பதிலில் சொன்ன அந்தக் கால்வாசி நேரம் பிள்ளை நூலகத்தில் தனியே இருக்கும். அதற்கு வேறு பள்ளி பார்ப்பது நல்லது. எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு குஜராத்திப் பிள்ளை ஷெமாவும் பாடும், வீட்டில் ஆரத்தியும் பாடும். அதற்கு இரண்டும் பாட்டு.

"நீங்கள் யூதர் இல்லையே, உங்களை எப்படி எடுத்தார்கள்?"

பொதுப்பாட ஆசிரியர்களில் யூதரல்லாதவர்கள் நிறைய. கோடெஷ் நேரத்திலும் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு உதவி வேண்டும்தானே.

இன்னொரு காரணம் எங்கள் ராபை, அதாவது யூத மதகுரு, சொன்னது. பழைய யூதச் சட்ட நூலான தல்மூதிலேயே வகுப்புக் கணக்கு இருக்கிறதாம். 25 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், 50 என்றால் இரண்டு, 40 என்றால் ஊர்ச் செலவில் ஓர் உதவியாளர். இன்றைக்கு இங்கிலாந்தில் சின்ன வகுப்பின் உச்சவரம்பே 30. "உன் வேலை ஆயிரத்தைந்நூறு வருஷம் பழையது" என்றார். சம்பளமும் அப்போதிருந்து ஏறவில்லை போலும் என்றேன்.

"ஹீப்ருவில் அப்பாவுக்கு 'அபா', அம்மாவுக்கு 'இமா'வாம். தமிழிலிருந்து போனதுதானே?"

வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. குழந்தை முதலில் எழுப்பும் ஒலி எந்த ஊரிலும் இப்படித்தான் இருக்கும், அதை வைத்து உறவு சொல்ல முடியாது. ஆனால் வேறொரு சொல் இருக்கிறது. சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த பொருள்களில் பொன், வெள்ளி, தந்தம், குரங்கோடு 'துக்கி' என்ற பறவையும் வருகிறது. மயில் என்று பொருள் கொண்டு, நம் 'தோகை'யிலிருந்து போன சொல் அது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

இதைப் பெருமையாக நாலாம் வகுப்பில் சொன்னேன், தோகை விரித்த மயிலைப் பலகையில் வரைந்தும் காட்டினேன். முன் வரிசையில் இருந்த, வீட்டில் ஹீப்ரு பேசும் பிள்ளை கையை உயர்த்தியது. "துக்கி என்றால் கிளி, மிஸ்," என்றது. இன்றைய ஹீப்ருவில் அப்படித்தான்; மயிலுக்கு வேறு சொல் வந்துவிட்டது. பலகையில் இருந்த மயிலைப் பார்த்து, "அது நல்லாக இருக்கிறது, அழிக்க வேண்டாம்," என்றும் சொன்னது.